இரைப்பை அறுவைக்குப் பின் வேலை: முதலில் சாப்பிட நேரம் கேளுங்கள்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கீமோவும் முடிந்து, வேலைக்குத் திரும்பத் தயாராகிறீர்களா? அலுவலகத்தில் எல்லோரும் அன்பாக விசாரிப்பார்கள். அந்த அன்பு நல்லதுதான். ஆனால் உங்களுக்கு உடனடியாக வேண்டியது சாப்பிட நேரம். அதை வாய்விட்டு, கணக்காக, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உண்டதைத் தேக்கி வைத்துச் சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது இரைப்பையின் வேலை. அதை முழுதாகவோ பாதியாகவோ எடுத்தபின், சாப்பிட்டது வேகமாகக் குடலில் இறங்குகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டாலோ இனிப்பு அதிகமானாலோ 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, சிலருக்குப் பேதி. மருத்துவர்கள் இதை 'டம்பிங்' என்பார்கள். இன்னொரு வகை 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்; கை நடுங்கும், கண் இருட்டும். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டவர் மூன்று மணி மீட்டிங்கில் துவண்டு உட்கார்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பார்ப்பவர்களுக்கு அது அக்கறையின்மையாகத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாக, தேவைப்பட்டால் எட்டு வேளையாகப் பிரியுங்கள். அலுவலகத்துக்கு ஒரு பெரிய டிபன் கேரியருக்குப் பதில் சின்னச் சின்ன டப்பாக்கள்: இரண்டு இட்லி ஒன்றில், அவித்த முட்டை ஒன்றில், சுண்டல் ஒன்றில், தயிர்சாதம் ஒன்றில். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பயறு, பனீர், மீன் என ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். நன்றாக மென்று, அவசரமில்லாமல் சாப்பிடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி முன்போ பின்போ குடியுங்கள். சர்க்கரை தூக்கலான டீ, பிறந்தநாள் கேக், ஆயுத பூஜை லட்டு எல்லாம் உங்களைத் தேடி வரும். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்று கும்பிட்டு விலகலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி கடிதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புற்றுநோய் அதில் இல்லை. ஆகவே பல தனியார் நிறுவனங்களில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் மருத்துவரின் கடிதம்தான். "நோயாளி வேலைக்குச் செல்லலாம்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட உணவு இடைவேளை, எடை தூக்கக் கூடாத காலம், இரவு ஷிப்ட் வேண்டாம் என்றால் எத்தனை மாதத்துக்கு, கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கை, பரிசோதனைக்கு வரவேண்டிய நாட்கள் என்று பட்டியல் போட்டுக் கேட்டு எழுதி வாங்குங்கள். "முடிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் மேலாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 11 மணிக்கும் 4 மணிக்கும் 15 நிமிடம் என்று கேட்டால் அவரால் உடனே கையெழுத்துப் போட முடியும்.

வேலைக்கு வேலை சிக்கல் மாறும். ஆசிரியர்கள் தொடர்ந்து இரண்டு பீரியட் வராதபடி கால அட்டவணையை மாற்றிக் கேட்கலாம். பேருந்து, லாரி, கிரேன் ஓட்டுபவர்களும் பிரஸ் மெஷினில் நிற்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும் தொந்தரவு கட்டுக்குள் வந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். டிப்போவிலோ ஸ்டோரிலோ மாற்று வேலை கேளுங்கள். இதில் சமரசமே கூடாது. தையல், நகை வேலை, தட்டச்சு செய்பவர்களுக்கு வேறொரு தொல்லை. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து விரல் நுனியை மரக்கச் செய்யும்; குளிரைத் தாங்கவிடாது. மருந்தை நிறுத்திய பிறகும் மரப்பு மாதக் கணக்கில் இருக்கலாம். ஏசி காற்று நேராக அடிக்காத இடமும், முதல் சில மாதங்களுக்குக் குறைந்த இலக்கும் கேட்பதில் தவறே இல்லை.

"என்ன சார், இப்படி இளைச்சிட்டீங்க?" என்ற கேள்வி தினமும் வரும். "ஆபரேஷன் ஆச்சு, இப்ப தேறிட்டு வர்றேன்" என்பது போதும். அதற்குமேல் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

பணம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர்கள் வழக்கமான 91 நாள் நோய்க்கால உதவித்தொகையோடு நின்றுவிடுகிறார்கள். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு பணியும் தேவையான சந்தா நாட்களும் இருந்தால், சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். கிளை அலுவலகத்தில் 'நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பி.எஃப். கணக்கிலிருந்தும் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு.

முழு இரைப்பையும் எடுத்தவர்கள் பி12 ஊசியை வாழ்நாள் முழுக்க விடக் கூடாது. உணவிலிருந்து அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரந்தது. கல்லீரலில் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி நாளையும் பரிசோதனை நாளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுப்பு அட்டவணையில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் மாதச் சோர்வில் "ராஜினாமா பண்ணிடலாமா" என்று தோன்றும். கடிதத்தை நீட்டுவதற்கு முன் ஹெச்.ஆரிடம் குழு மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் பொதுவாக நின்றுவிடும்; புற்றுநோய் வந்தவருக்குத் தனியாகப் புதிய பாலிசி கிடைப்பது கடினம். அரை நாள் வேலை, வீட்டிலிருந்து வேலை, சம்பளமில்லா விடுப்பு என்று மூன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.