39-ஐ 108 ஆக்காதே!

செல்சியஸை ஃபாரன்ஹீட் ஆக்க, 'ரெண்டால பெருக்கி 30 கூட்டு'ன்னு உனக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஊட்டிக் குளிருக்கு அது சரி. 10 டிகிரின்னா 50, கச்சிதமா வரும். காய்ச்சலுக்கு அதைப் போட்டே, கதை கெட்டுது! பிள்ளைக்கு 39 காட்டினா உன் கணக்குல 108 வரும். நீயும் பதறிப்போய் 108-க்கே போன் போடுவே. உண்மையில அது 102.2 தான்டி.

சரியான கணக்கு இதுதான். ரெண்டால பெருக்கு, வந்ததுல பத்துல ஒரு பங்கைக் கழி, 32 கூட்டு. 40-க்குப் போட்டுப் பாரு: 80, அதுல 8 போக 72, கூட 32 சேர்த்தா 104. கோடையில பேப்பர்ல 'வெயில் சதமடித்தது'ன்னு போடுவாங்களே, அது ஃபாரன்ஹீட் சதம். அதே வெயில் போன்ல 38-ன்னு நிக்கும்.

ஆனா நடுராத்திரி அழுற குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு யாரு கணக்குப் போடுறது? மருந்து டப்பா மூடியில எழுதி ஒட்டிடு: 37-க்கு 98.6, 38-க்கு 100.4, 39-க்கு 102.2, 40-க்கு 104. 38-ஐத் தொட்டாலே காய்ச்சல்தான். அக்குள்ல வெச்சா கொஞ்சம் குறைச்சலாக் காட்டும். நீயா ஒண்ணைக் கூட்டிச் சொல்லாம, எங்கே வெச்சுப் பார்த்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லு. மூணு மாசம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 வந்துட்டா, விடியட்டும்னு காத்திருக்காதே. உடனே கிளம்பு.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் வழக்கமில்லாம 37-ன்னு காட்டினா உடம்பு சில்லிட்டுப் போச்சுன்னு அலறாதே. பட்டன் அழுந்தி செல்சியஸுக்கு மாறியிருக்கும்.

கேக் பண்றியா? அமெரிக்கக் குறிப்புல 350-ன்னு ஃபாரன்ஹீட்ல இருக்கும்; நம்ம ஓடிஜி டயலோ செல்சியஸ்ல, பெரும்பாலும் 250-லயே முடிஞ்சிடும். ஓவனுக்கு மட்டும் பாதியாக்கு, போதும். 350-க்கு 175, 400-க்கு 200. நாலஞ்சு டிகிரி வித்தியாசத்துல கேக் ஒண்ணும் கோவிச்சுக்காது.

ஃபிரிட்ஜ் உள்ளே திருகுல இருக்கிற 1, 2, 3 டிகிரியே இல்லை. பெரும்பாலும் எண் கூடக் கூடக் குளிர் கூடும். உள்ளே 4 செல்சியஸுக்கு மேல போகாம பார்த்துக்கோ.

எல்இடி பல்பு அட்டையில 2700, 6500-ன்னு போட்டிருக்கிறது கெல்வின். அது பல்பு சுடுற சூடு இல்லை, வெளிச்சத்தோட நிறம். எண் குறைஞ்சா மஞ்சள், ஏறினா நீலம் கலந்த வெள்ளை. படுக்கிற ரூமுக்கு 2700, காய் நறுக்குற மேடைக்கு 6500 வாங்கு.