கை கற்கும் பாடம்

வங்கத்துக்கு வந்த முதலாண்டில், இயற்பியல் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றேன். செய்முறைத் தேர்விலோ தோற்றேன். நிறமாலைமானியின் சமன்பாடு எனக்கு மனப்பாடம். ஆனால், அதன் திருகாணியை எப்பக்கம் திருப்புவது என்று தெரியாது! மறுதேர்விலும் தவறினால் உதவித்தொகை நின்றுவிடும். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என்னைக் காத்தவர் பேராசிரியர் அல்லர்; ஆய்வுக்கூட உதவியாளராகிய முதியவர் ஒருவர். ‘தாதா’ என்றே அழைப்போம். மாலை வேளைகளில் எனக்கென அரைமணி நேரம் ஒதுக்கினார். முப்பட்டகத்தைத் தொடவே விடவில்லை. “முதலில் ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்” என்றார். தொலைநோக்கியில் இலைகள் தெளியும்வரை திருப்பச் சொன்னார். நான் கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் தோளைத் தட்டி, “கண்ணைத் தளரவிடு, தம்பி” என்று வங்காளத்தில் சொல்வார். அதன் பிறகே பிளவைக் கூர்மையாக்குதல், மேடையை மட்டமாக்குதல் எல்லாம். புத்தகத்தில் இருந்த அதே செய்திகள்தாம். கைக்கு வர மூன்று மாலைகள் ஆயின. மறுதேர்வில் தேறினேன்.

நம்மவர் சர் சி. வி. இராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். பௌபஜார் தெருவில், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அறிவியல் கழகத்தின் கதவைத் தட்டினார். அலுவலுக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு செய்தவர், 1917இல்தான் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. அவருக்குக் கதவைத் திறந்த ஆசுதோஷ் டேயை மட்டும் மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகக் கல்வி பெறாத அந்த ஆசு பாபு, இராமனுக்குத் துணையாய் நின்றே பயின்று, இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் தம் பெயரிலேயே கட்டுரை எழுதினார். எந்த வகுப்பில் கற்றார் என்று கேட்டால் என்ன சொல்வது?

சில மாதங்களாக ஞாயிறுதோறும் என் விடுதி அறையில் இளையோர் ஐந்தாறு பேர் கூடுகிறோம். பழுதான மேசை விசிறிகளே பாடநூல். விசிறி உறுமுகிறது, சுழலவில்லை. கோலால் இறக்கையைத் தள்ளினால் சுழல்கிறது என்றால், பெரும்பாலும் கண்டென்சர் கெட்டிருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதை முதலாண்டுத் தம்பி ஒருவர் விரல்நுனியால் அறிந்தார். குற்றம் என்னுடையது, முன்பே எச்சரித்திருக்க வேண்டும். இப்போது ஒரு மின்தடையை இணைத்து, அதை வெறுமையாக்கிய பின்னரே தொடுகிறோம்.

எங்களுக்கு ஒரே விதி: தெரிந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயால் மட்டுமே சொல்லலாம். மூத்தவர்களுக்கு இது பெருந்துன்பம்! நானே இருமுறை திருப்புளியைப் பிடுங்கிவிட்டேன்.

சங்கத்து அண்ணன்மாரும் அக்காமாரும் தமக்குத் தெரிந்த எந்தக் கைத்தொழிலோடும் வரலாம். வங்காளம் பேசிப் பழக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வரும் ஞாயிறு நான்கு மணிக்குத் தாதாவை அழைத்திருக்கிறேன். நம் ஊர்க் காப்பி கிடைத்தால் வருவாராம். காப்பி பில்டர் வைத்திருப்பவர் மறவாது எடுத்து வரவும்.