பி.காம். படித்தவருக்கும் டெக் கம்பெனியில் வேலை

மைக்ரோசாஃப்ட், அமேசான் என்றாலே கோடிங்தான் என்று பி.காம். படித்தவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அங்கேயும் பில் சரிபார்க்க, மாதக் கணக்கை முடிக்க, பட்ஜெட் போட ஆள் வேண்டும். விண்ணப்பிக்குமுன் இன்ட் ஏஎஸ் 115 என்ற வருவாய்க் கணக்கு விதியைப் படித்துவிடுங்கள். அதன்படி, ஓராண்டுச் சந்தா 12,000 ரூபாய் மாதத்தின் முதல் நாளே மொத்தமாக வந்தாலும், அம்மாத வருமானம் 1,000 மட்டுமே. மீதி 11,000 இன்னும் செய்துதர வேண்டிய சேவைக்கான கடன். இதை ஜர்னல் என்ட்ரியோடு இன்டர்வியூவில் விளக்குபவர் தனித்துத் தெரிவார்.

சி.ஏ. இல்லாமல் எடுப்பார்களா? சில பதவிகளுக்கு அது கட்டாயம்தான். பில், வசூல் பார்க்கும் தொடக்க வேலைகளுக்குப் பெரும்பாலும் பட்டமே போதும். (நேரடி நியமனமா, ஒப்பந்தமா என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள்.) கணக்குப் பதிவு வேலையை மென்பொருளே செய்துவிடுமே என்பதும் சரிதான். அதனால்தான் எக்செலோடு எஸ்க்யூஎல்லும் பழகச் சொல்வது: கணக்கு எங்கே உதைக்கிறது என்று தரவுக்குள் போய்த் தேடத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.