இறுக்கமான சப்பாத்தைக் காலுக்கு இசைவாக்குதல்

நிவாரணமாக வரும் சப்பாத்துகள் பெரும்பாலும் கால் பார்த்து வருவதில்லை. முகாமொன்றில் நானும் ஒருமுறை வயதை மட்டும் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன். மறுவாரம் பலர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலுடன் பாடசாலைக்கு நடந்தார்கள். குதிக்காலில் கொப்புளம். பிழை என்னுடையதே.

முதலில் பாதத்தை அளவெடுங்கள். மாலையில் எடுப்பது நல்லது. பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பிள்ளையைத் தாளின்மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு கீறுங்கள். இரண்டு பாதங்களையும் கீற வேண்டும், ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். கோட்டின்படி வெட்டிய தாளைச் சப்பாத்தினுள் விட்டுப் பாருங்கள். நுனி மடங்கினால் நீளம் போதாது. அதனோடு மினக்கெடாமல் இளைய பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அகலத்தைச் சற்று இளக்கலாம். நீளத்தை இழுக்க இயலாது.

தோல் சப்பாத்தென்றால் வேலை சுலபம். பத்திரிகைத்தாளை நனைத்துப் பிழிந்து, உருண்டைகளாக்கி, இறுகும் இடத்தில் நெருக்கமாக அடையுங்கள். நிழலில் காயட்டும். தோல் காயும்போது அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். 2, 3 இரவுகள் இப்படிச் செய்யலாம். அவசரப்பட்டு அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விடும். பின்பு தடித்த மேசு போட்டு, வீட்டுக்குள்ளேயே தினமும் அரைமணி நேரம் நடக்கவிடுங்கள்.

பிள்ளைகளின் வெள்ளைத் துணிச்சப்பாத்து அவ்வளவாக இளகாது. பத்திரிகை மை அதில் ஊறிவிடும், ஆகவே பழந்துணியை நனைத்து அடையுங்கள். லேஸை முழுவதும் கழற்றி, கால் அழுந்தும் இடத்திலுள்ள துளையை விட்டுவிட்டுக் கோருங்கள். உள்ளே கழற்றக்கூடிய தட்டு இருந்தால் எடுத்துவிடலாம். பிளாஸ்டிக், றெக்சின் சப்பாத்துக்கு இந்த உபாயங்கள் பெரிதாக உதவா.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்க வேண்டாம். சவர்க்காரமிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆறும்வரை அந்தச் சப்பாத்தை ஒதுக்கி வையுங்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் பிடித்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், கால் விறைப்புள்ளவர்கள் இறுக்கமான சப்பாத்தைப் பழக்கிப்பார்க்கவே கூடாது. புண் வந்தாலும் அவர்களுக்கு நோவு தெரியாது. தெரியும்போது புண் ஆழப்பட்டிருக்கும்.

கீறிய தாளை எறியாதீர்கள். அதே அளவில் இன்னொன்று வெட்டி, பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுதி, அடுத்தமுறை சப்பாத்துக் கொடுக்க வருபவரின் கையில் கொடுங்கள்.