முதுகெலும்பு நசுங்கினால் எந்தச் சிகிச்சை?

தாய்மார்களே! மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழக்கும். தண்ணீர்க்குடம் தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கலாம். "வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்"னு இருந்துடாதீங்க. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க.

பெரும்பாலோருக்கு மாத்திரை, சிறிது ஓய்வு, பெல்ட் போதும். சில வாரங்களில் வலி தணியும்.

தணியாவிட்டால் இரு முறைகள் உண்டு:

1. ஊசி வழியே எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துவது. 1984-இல் பிரான்சில் தொடங்கிய முறை.

2. முதலில் பலூனால் எலும்பை நிமிர்த்தி, பிறகு சிமெண்ட் நிரப்புவது. செலவு கூடுதல், வலி குறைவதில் பெரிய வித்தியாசமில்லை.

2009-இல் வெளியான இரு ஆய்வுகளில், சிமெண்ட் ஊசி போலிச் சிகிச்சையைவிட மேலானதாகத் தெரியவில்லை. எனவே அவசரப்படாதீங்க.

ஆனால் கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே கோரிமேடு ஜிப்மருக்குப் போங்க. நரம்பழுத்தம் நீக்கும் அறுவை தேவைப்படலாம்.

எந்தச் சிகிச்சையானாலும் எலும்பு வலுப்பட மருந்து, பால், கேழ்வரகு, நடை அவசியம். இல்லையேல் அடுத்த எலும்பும் நசுங்கலாம்.