இடுப்பு உயரப் பாத்தி: மண்ணோட கணக்கைப் போட்டுட்டு கட்டுங்க

குனியாமல் கீரை பறிக்க இடுப்பு உயரத்தில் ஒரு பாத்தி இருந்தால் முட்டிவலி உள்ள பாட்டிக்கும் வசதி, நமக்கும் வசதி. லீவுக்கு ஊருக்குப் போறப்போ கட்டிக் கொடுக்கலாம். ஆனா அது வெறும் மண் நிரப்பின தொட்டி இல்லை, ஒரு குட்டித் தாங்குசுவர். நாம படிச்ச பாடம் இங்கே நேரடியா வேலைக்கு வருது.

முதல் கேள்வி: எங்கே?

மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். ஆட்கள் நடமாடும் தட்டையான கூரைக்கு ஐ.எஸ். 875 (பகுதி 2) சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஈரமண் கன மீட்டருக்கு 1,800 கிலோ என்று வைத்தால், 80 செ.மீ. உயரத்துக்கு 1,440 கிலோ வரும். ஏறக்குறைய பத்து மடங்கு! 20 செ.மீ. மண்ணே 360 கிலோ. அதனால் இந்தப் பாத்திக்கு இடம் கொல்லைப்புறத் தரைதான்.

இரண்டாவது: சுவர் நிற்குமா?

உள்அளவு நீளம் 2.4 மீ., அகலம் 0.8 மீ., உயரம் 0.8 மீ. என்று எடுத்துக்கோங்க. 20 செ.மீ. கனமுள்ள ஹாலோ பிளாக் வைத்தால் வெளி அகலம் 1.2 மீ. ஆகும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவரைக்கும் கை எட்டும்.

அசையாத சுவருக்குப் பக்கவாட்டு அழுத்தக் கெழு சுமார் 0.5. அடியில் அழுத்தம் 0.5 × 18 × 0.8 = 7.2 கிலோநியூட்டன்/ச.மீ. அழுத்தம் முக்கோண வடிவம் என்பதால் ஒரு மீட்டர் நீளச் சுவரில் மொத்த விசை 2.9 கிலோநியூட்டன். உயரத்தை இரட்டிப்பாக்கினால் இது நான்கு மடங்காகும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இந்த விசை தள்ளும். கவிழ்க்கும் திருப்புத்திறன் 0.77 கி.நி.மீ.

பிளாக் ஒன்று 18 கிலோ என்றால் சுவரின் சொந்த எடை தரும் எதிர்ப்பு 0.18 மட்டும்தான். நாலு மடங்கு பற்றாக்குறை! சும்மா அடுக்கி வைத்தால் முதல் நல்ல மழையில் சுவர் சாய்ந்துடும்.

கட்டும் முறை

1. சுற்றுக்கும் மட்டும் கான்கிரீட் பட்டை போடுங்க. நடுவில் தரை திறந்தே இருக்கட்டும், தண்ணீர் இறங்கணும்.
2. மூலைகளிலும், 80 செ.மீ.க்கு ஒன்றாகவும் 10 எம்.எம். கம்பியை அந்தப் பட்டையிலிருந்தே நிமிர்த்துங்க.
3. வரிசைக்கு 18 பிளாக், நான்கு வரிசைக்கு 72. இணைப்புகள் நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றிக் கட்டி, கம்பி வரும் துளைகளில் கான்கிரீட் நிரப்புங்க.
4. மூன்றாம் வரிசை மேல் இரண்டு இடத்தில் குறுக்குக் கம்பி போட்டு எதிரெதிர் சுவர்களை இணைங்க. இந்தப் பக்கத் தள்ளலை அந்தப் பக்கத் தள்ளல் சமன் செய்துடும். முக்கியமான படி இதுதான்.
5. அடி வரிசையில் மீட்டருக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு வைங்க. தண்ணீர் தேங்கினால் அடி அழுத்தம் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

கான்கிரீட் இறுக ஒரு வாரம் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்புறம் நிரப்புங்க.

என்ன நிரப்புவது?

முழுக்க மண் தேவையில்லை. அடிப்பாதிக்குத் தேங்காய் மட்டை, காய்ந்த கிளை, சருகு. செலவும் குறையும், எடையும் குறையும். மேல் 40 செ.மீ.க்குச் செம்மண், மக்கிய தொழு உரம், நார்க்கழிவு கலவை. அடியில் உள்ளது மக்க மக்க மட்டம் இறங்கும். வருஷா வருஷம் உரம் போட்டு ஏற்றணும்.

கீரைக்கும் கொத்தமல்லிக்கும் 20 செ.மீ. ஆழம் போதும். கத்தரி, தக்காளி, வெண்டைக்குத்தான் அந்த 40 செ.மீ. புதினாவுக்குத் தனித் தொட்டி வைங்க. விட்டால் பாத்தி முழுக்க அதுதான் இருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. சுவரை ஆனியிலேயே முடிச்சிடுங்க.