நிலைத்த கொடை

வடசென்னையில் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ மருத்துவமனையை அறியாதார் இலர். அவ்வெழுத்துகள் ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. மகப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்த காலத்தில், 1880இல், இராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் இராயபுரத்தில் எழுந்தது அம்மகப்பேறு மருத்துவமனை. சென்ட்ரல் நிலையத்தருகே வழிப்போக்கர்க்குச் சத்திரம் அமைத்தவரும் அவரே.

கட்டடம் எழுப்புதல் கொடையின் ஒரு பாதிதான். மருத்துவர்க்கு ஊதியமும் நோயாளிக்கு மருந்தும் ஆண்டுதோறும் வேண்டுமே! இதனை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிப்பதோடு நில்லாமல், மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் உரிய ஊதியத்தையும் மருந்துகளின் பெயர்களையும் வரையறுத்துச் சொல்கிறது.

இராயபுரத்தில் அப்பொறுப்பை இன்று அரசு ஏற்றுள்ளது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்துள்ள அம்மருத்துவமனையில் மீனவர், துறைமுகத் தொழிலாளர் குடும்பக் குழந்தைகள் இன்றும் பிறக்கின்றனர்.